மூன்றாம் நம்பர் மெஷினுக்கு விக்கல்

வெளியில் மைனஸ் முப்பத்திநாலு.
வின்னிபெக்கின் ஞாயிறு இரவு
நிலவறைச் சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று
உள்ளே வரக் கேட்கிறது.

உள்ளே நாங்கள் மூன்று பேர்,
ஒரு கூடை ஈர உடுப்பு,
இந்தக் கிழமைக்கென்று எண்ணி வைத்த
ஏழு டொலர்க் குத்திகள்.
இவன் என் இடுப்பில்.
இயலினி கூடைக்குள், உடுப்புக்கு மேல்.

தர்சிகா ஆஸ்பத்திரியில்.
இரவு வேலை. ஐந்தாம் மாடி.
யாருடைய கட்டிலுக்கோ
இப்போது விரிப்பு மாற்றிக்கொண்டிருப்பாள்.

என் சட்டைப் பையில் நாலாய் மடித்த படிவம்.
பதினெட்டு மாதப் பிள்ளைக்கான கேள்விகள்.
எத்தனை சொல் பேசுகிறான்?
மூன்று நாளாய்ப் பேனையைத் திறந்து மூடுகிறேன்.
தர்சிகா ஒருமுறை பூச்சியம் என்று எழுதி,
அதை வெட்டி,
வெட்டியதற்குப் பக்கத்தில்
மறுபடி பூச்சியம் எழுதினாள்.

காசைப் போட்டேன்.
என் வேலைச் சட்டையின் இரும்புக் கொளுக்கி
வட்டமாய் ஏறி
உச்சியில் ஒரு கணம் யோசித்து
விழுந்தது.
டக்.
திரும்ப ஏறி, யோசித்து, டக்.
நடுவில் எங்கோ ஒரு பொத்தான்: ணிங்.

"அப்பா, மெஷினுக்கு விக்கல்."

"தண்ணி குடுப்பமோ?"

"உடுப்பு நனைஞ்சிடும்."
வீட்டு நிர்வாகம் என்னைவிட அவளுக்குத் தெரியும்.

கூடையிலிருந்து இறங்கினாள்.
இடுப்பில் கை வைத்து
கண்ணாடிக் கதவை முறைத்தாள்.
"என்ர சொக்கலேற்றை நீயோ களவெடுத்தனி?"

பழி சொன்னால் விக்கல் நிற்கும் என்று
போன கிழமை நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

டக். ணிங். டக்.
"பொய் சொல்லாதை!"
டக்.
"அப்ப ஆர் எடுத்தது?"
ணிங்.

அப்போதுதான் என் இடுப்பு குலுங்கியது.
அழுகிறான் என்று நினைத்தேன்.
வயிற்றில் சத்தமில்லாமல் தொடங்கி
ஏறி
உச்சியில் ஒரு கணம் நின்று
விழுந்தது, சிரிப்பு.

டக் வருமுன் மூச்சைப் பிடித்தான்.
வந்ததும் விட்டான்.
பத்துத் தரம், இருபது தரம்.
ணிங் கேட்டால் என் காதைப் பிடித்து இழுத்தான்.
ஒருமுறைகூடத் தாளம் பிசகவில்லை.
காது என்னுடையது, எனக்குத் தெரியும்.

துவாய் மடித்துக்கொண்டிருந்த
நாலாம் மாடி றொடெல்
காலிச் சவர்க்கார டப்பாவைக் கவிழ்த்து
இடைவெளிகளில் தட்டினார்.
சொக்கலேற் மட்டும் அவருக்கு விளங்கியிருக்கும்.

மெஷின் நின்றது.

இவன் கண்ணாடியைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
உள்ளங்கையால் கதவில் ஒரு தட்டு.

இயலினியின் முகம் விழுந்துவிட்டது.
"விக்கினா ஆரோ நினைக்கினம் எண்டு சொன்னனீங்கள்.
அம்மாதானே நினைச்சவ?
இப்ப மறந்திட்டாவோ?"

உடுப்பு காய்ந்துவிட்டது.
தொட்டுப் பார்க்கத் தேவையில்லை.
இன்னொரு டொலர் போட்டேன்.
டக்.
"நினைக்கிறா!"
பிறகும் ஒன்று.
பிறகும்.
ஏழும் முடிந்தன.
எட்டாவது றொடெலுடையது.

காலை ஏழரைக்கு
சப்பாத்தில் பனியோடு தர்சிகா.
மேசையில் மடித்து வைத்த குவியலிலிருந்து
தன் பச்சைக் கம்பளி ஸ்வெட்டரை உருவி
வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தாள்.
கைகள் இரண்டும் அகப்பைக் காம்பளவு.

"என்ன செய்தனீங்கள் இதை?"

"நீ நினைச்சுக்கொண்டே இருந்திருக்கிறாய்."

திட்டத்தான் தொடங்கினாள்.
இயலினி முழுக் கதையையும்
சொக்கலேற்றிலிருந்து சொல்லி முடிப்பதற்குள்
கதிரையில் சரிந்து
ஒரு சப்பாத்தோடு
கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இனி இதை ஆர் போடுறது?"

தரையில் கரண்டியோடு இருந்தவன்
கரண்டியைக் கீழே வைத்தான்.
இரண்டு கைகளையும் தூக்கினான்.

அவனுக்கு அது இன்னும் பெரிது.
தலை உள்ளே போய்
வழி தெரியாமல் நின்றது.
இயலினி குனிந்து மெதுவாக,
"டக்" என்றாள்.

பச்சைக் கம்பளிக்குள்ளிருந்து
பதில் வந்தது.