இரண்டு இஞ்சி

கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே
ஒரு படி இருந்தது.
பதினோரு வருஷம் அதை நான் பார்த்ததில்லை.
கால் தானாக இறங்கும், தானாக ஏறும்.
குணாளனின் சக்கர நாற்காலி வந்த அன்று
முன்சக்கரம் முட்டிய இடத்தில்
ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.
படி இருந்தது அப்போதுதான் தெரிந்தது.

சுகிர்மான் வந்தார்.
சிமெண்டு, மணல், தண்ணீர் இறங்காத சாம்பல் பூச்சு,
தரைக்குழியைப் பார்த்து லேசாக ஒரு சரிவு,
அதன்மேல் சொரசொரப்பு டைல்.
கூடமும் குளியலறையும் ஒரே மட்டமாயின.
மிச்சம் நாளைக்கு என்றார்.
மறுநாள் லொம்போக்கில் அவர் மகளுக்குப் பிரசவம்.

கழிப்பறைக் கோப்பை
டிவிக்குப் பக்கத்தில் நான்கு நாள் உட்கார்ந்திருந்தது,
எழுந்துபோகத் தெரியாத விருந்தாளி மாதிரி.
அந்த நான்கு நாளைப் பற்றி
நாங்கள் இருவரும் பேசுவதில்லை.
வாளியும் பேசவில்லை.

கோளாறு இதுதான்:
தரை ஏறிவிட்டது, குழாயின் வாய் ஏறவில்லை.
பழைய ஃபிளாஞ்சு பழைய தரையிலேயே கிடந்தது,
கிணற்றில் விழுந்த தட்டுபோல.
கையை விட்டுப் பார்த்தேன்.
ஆள்காட்டி விரலில் இரண்டு கணு.

செந்தூல் ஹார்ட்வேர் கடையில்
சியூ அம்மாள் கேட்டாள்: "பெராப்பா இஞ்சி?"
இரண்டு இஞ்சி என்று விரலைக் காட்டினேன்.
வரிசையில் பின்னால் நின்ற நம்ம ஆள் ஒருவர்
"இஞ்சிக்கு பாசாருக்குப் போகணும் தங்கச்சி" என்றார்.
யாரோ சிரித்தார்கள்.
நான்தான்.

மெழுகு வளையம் இரண்டை அடுக்காதே,
ஆறே மாசத்தில் நழுவும்
என்றாள் சியூ அம்மாள்.
உயர்த்தும் வளையங்கள் மூன்று எடுத்துப் போட்டாள்,
நடுநடுவே பூச சிலிக்கான்.
எழுபத்திரண்டு வெள்ளி. பேசி அறுபத்தெட்டு.
வீட்டுக்கு வந்து அடுக்கினால்
பழைய போல்ட் எட்டவில்லை.
மறுபடி கடை. மறுபடி மழை.

மெழுகு வளையம் ஆறிய நெய் நிறம்.
பிசுபிசுப்பு நகத்துக்குள் போனால்
டீசலுக்கும் மசியாது.

தூக்குவதற்குக் கீழ்வீட்டு ரொக்கியா வந்தாள்,
இடுப்பில் துவாலையைச் செருகிக்கொண்டு.
அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
போல்ட்டும் துளையும் எங்களுக்குத் தெரியவில்லை.
வாசலில் குனிந்து, கன்னம் முழங்காலில் பட,
குணாளன் சொன்னான்:
"இடது. இன்னும் ஒரு நூல். நில்லு. இறக்கு."
மெழுகு அமுங்குவது
என் தோள்வரை தெரிந்தது.

ஒரு ஓரம் ஆடியது.
முட்டுக்கொடுக்க ஏதாவது வேண்டும்.
காசு வைத்தால் துரு, மரம் வைத்தால் ஊறும்.
பர்சிலிருந்து தன் பழைய டிஸ்பேட்ச் அட்டையை எடுத்தான்,
ஹெல்மெட்டோடு சிரிக்கும் படம் போட்டது.
"நாலாய் வெட்டு" என்றான்.
படத்தை விட்டு வெட்டப் பார்த்தேன்.
முடியவில்லை.

சுற்றிலும் சிலிக்கான் பூசினேன்,
பின்பக்கம் நாலு விரற்கடை மட்டும் விட்டு.
உள்ளே கசிந்தால்
நமக்கு முதலில் தெரியட்டும்.

தொட்டியில் அரைப் போத்தல் ரோஸ் சிரப்.
ரொக்கியா கீழே ஓடி, ஸ்டூலில் ஏறி,
தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்து நின்றாள்,
போன் கையில்.
அழுத்தப் போனேன்.
"நீ வெளியே இரு" என்றான்.

சக்கரம் எங்கும் முட்டாமல் உள்ளே போனது.
கதவு சாத்தியது.
தாழ்ப்பாள்.
ஏழு மாசமாய் நான் கேட்காத சத்தம்.

பிறகு நேரம் போனது.
மிக நேரம் போனது.
அழைக்கலாமா என்று வாய் திறந்து மூடினேன்.
சுவரில் சாய்ந்து
நகத்து மெழுகை ஊக்கால் நோண்டிக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் இறங்கிய ஓசை
சுவருக்குள் எங்கோ திரும்பி
கீழே கீழே போயிற்று.

போன் அதிர்ந்தது. ரொக்கியா.
தாக் அடா, என்று எழுதியிருந்தாள்.
இல்லை. சொட்டுகூட இல்லை.

உள்ளே இன்னும் தாழ்ப்பாள் திறக்கவில்லை.
திறக்கட்டும், மெதுவாக.