முயல் காது

ஐஸ் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே
ஆணியில் தொங்குகிறது ஒரு பை.
அதன் வயிற்றில் பைகள்.
அந்தப் பைகளின் வயிற்றிலும் பைகள்.
எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி போலக்
கதவை முழுசாய்த் திறக்க விடாது.
"தூக்கி வீசேன், தங்கராணி" என்பார் இவர்.
ஒருநாள் வேண்டும் என்பேன்.
அந்த ஒருநாள் வந்ததில்லை,
வந்ததெல்லாம் இன்னொரு பை.

மெராந்தித் தோட்டத்து நாற்றுமேட்டில்
செம்பனைக் கன்றுக்குக் கறுப்புப் பையில்
மண் நிரப்புவது என் வேலை.
வீட்டுக்கு வந்தாலும் கையில்
அதே சரசரப்பு.

குப்பை கட்டும்போது
நான் போடும் முடிச்சு தனி.
இரண்டு பிடியையும் முறுக்கி
ஒன்றை உள்ளே நுழைத்து
மற்றதை முயல் காதாய் நிமிர்த்திவிடுவேன்.
லோரிக்காரன் தூக்க வாகாயிருக்கும்.
யாரும் சொல்லித் தரவில்லை,
கையே கண்டுபிடித்தது.

நவம்பர் மழை மூன்று நாள் விடவில்லை.
கடைவரிசைக்குப் பின்னால்
லோங்காங் பொங்கி
பரிமளா அடுப்படியில் முழங்கால் தண்ணீர்.
விடிந்ததும் மண்வெட்டியோடு இறங்கினோம்,
நான், பரிமளா, காக் ரொஸ்னா, அவள் மருமகன்.
இழுக்க இழுக்கத் திட்டினோம்.
கடைக்காரன்களை,
கொங்சியில் தங்கிய பங்களாப் பையன்களை,
மேட்டுத் தாமானில் இருப்பவர்களை.
பட்டியலில் எல்லோரும் இருந்தார்கள்,
எங்கள் நால்வரைத் தவிர.

அப்போதுதான் மாட்டியது.
சிவப்புப் பை.
வழியும் சேற்றுக்கு மேலே
நிமிர்ந்து நின்றது
ஒற்றை முயல் காது.

யாரும் பார்க்கவில்லை.
சுவர் மறைவில் கொண்டுபோய் அவிழ்த்தேன்.
கெம்போங் மீனின் தலைகள்
முள்ளாகியிருந்தன.
பக்கத்தில் ரொட்டி உறை,
அதில் அழியாமல் தேதி, போன மார்ச்.
மீன் போய்விட்டது.
முடிச்சு மட்டும்
நேற்றுப் போட்டது மாதிரி.

அன்றிரவு ஆணியிலிருந்து இறக்கி
தரையில் கொட்டி எண்ணினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு.
நல்லதை முக்கோணமாய் மடித்து
மைலோ டின்னில் அடுக்கினேன்.
ஓட்டை விழுந்ததும், ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தாளும்
இரண்டு மூட்டை.

சனிக்கிழமை
"சூராட் காபார் லாமா" என்று
ஒலிபெருக்கியில் இழுத்தபடி வந்தான் ஆ செங்.
மூட்டையைத் தராசில் வைத்தான்.
முள் லேசாய்த் தலையாட்டிவிட்டு நின்றது.
"அக்கா, இது காற்று.
காற்றை யார் வாங்குவா?
தகரம் இருந்தா கொடு."

காற்றுதான், ஆ செங்.
ஆனால் அந்தக் காற்றுதானே
பரிமளாவின் அரிசிப் பானைவரை ஏறிவந்தது.

இப்போது மீன் மோட்டாருக்குப்
பெயிண்ட் வாளி கொண்டுபோகிறேன்.
"வீட்டுக்கு வெள்ளையடிக்கிறியா?"
சிரித்தான் பாக்கார்.
மூன்றாம் வாரம் சிரிப்பை நிறுத்தினான்.
ஐந்தாம் வாரம் காக் ரொஸ்னா
சட்டியோடு வந்து பக்கத்தில் நின்றாள்.
வாளி பற்றியோ சட்டி பற்றியோ
நாங்கள் பேசவில்லை.
கெம்போங் கிலோ பதினெட்டு வெள்ளியாம்,
அதைப் பேசினோம்.

பெரிதாய் ஒன்றும் திருந்திவிடவில்லை.
வியாழன் இரவு பசார் மாலாமில்
கொதிக்கும் சூப்பைப் பையில் ஊற்றி
ரப்பர் சுற்றி நீட்டும்போது
தூக்குச்சட்டி வீட்டில் இருக்கும்,
மகன் பசியோடு பக்கத்தில் நிற்பான்.
வாங்கிவிடுகிறேன்.
மறுநாள் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி
கொடியில் அவன் சீருடைக்குப் பக்கத்தில்
கவ்வி மாட்டுகிறேன்.
காற்றடித்தால் உப்பிக்கொண்டு
நானும் சட்டைதான் என்கிறது.
வேலை முடிந்து வரும் இவர்
குனிந்து அதற்கு வழிவிடுகிறார்.
இன்னும் மீன் வாசனை போகாத ஒன்று
நான்கு நாளாய் அங்கேயே ஆடுகிறது.

குப்பை இப்போது
வாரத்துக்கு ஒரு பை, அதுவும் பாதி.
கட்டும்போது கை ஒரு கணம் நிற்கும்.
வேறு மாதிரி முடியலாமே,
யாருக்குத் தெரியப்போகிறது?
பிறகு
அதே முடிச்சுதான் போடுகிறேன்.
காதை இன்னும் கொஞ்சம் நீளமாய்
வெளியே இழுத்துவிடுகிறேன்.
திரும்பி வந்தால்
யாருடையது என்று
தெரியவேண்டும்.