திகதி இல்லாத ஆழம்

நாடியை இந்தத் தட்டில் வையுங்கோ.
பச்சைப் புள்ளியைப் பாருங்கோ. இமைக்கப்படாது.
ஒரு நாளைக்கு நாற்பது தரம் சொல்லுகிறேன்.
நித்திரையிலும் சொல்வதாக வீட்டில் இவர் சிரிப்பார்.

செபமாலை ஐயா, பாலையூற்று, அறுபத்து மூன்று.
சீனி வருத்தம் பதினாறு வருஷம்.
சுவரில் தொங்கும் எழுத்துகளைக் கடைசி வரிவரை
பிசகாமல் வாசித்துவிட்டு
"எனக்கென்ன குறை பிள்ளை?" என்றார்.

குறை கண்ணுக்குத் தெரியாது.
வெளிச்சத்தை உள்ளே விட்டு
திரும்பி வருவதை எண்ணுகிறது மிஷின்.
ஊசியில்லை, கத்தியில்லை, தொடுவதுமில்லை.
ஒரு மூச்சு.
பிறகு திரையில் படை படையாக விழித்திரை,
நடுவே பள்ளம்,
பள்ளத்தின் அடியில் இருக்கக் கூடாத இடத்தில்
கருப்பாய் இரண்டு குமிழ்.

கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தார்.
துறைமுகத்தில் முப்பது வருஷம்
ஆழம் அளக்கிற படகில் நின்ற மனிதர்.
சத்தத்தை இறக்கி, அடித்தரை அனுப்பும் மறுமொழியைக்
கடதாசியில் கோடாய் வாசித்தவர்.

"கொட்டியாரக் குடா மாதிரிக் கிடக்கு. எத்தனை பாகம்?"
பாகமில்லை ஐயா, மைக்ரோன்.
இருநூற்று அறுபத்தெட்டு.
போன முறை முந்நூற்று நாற்பத்தொன்று.
வீக்கம் வற்றுகிறதென்று ஒரு பச்சை அம்புக்குறி.
எனக்கும் சந்தோஷம். வெளியே இன்னும் பதினெட்டுப் பேர்.

அவர் எழும்பவில்லை.
குமிழ் இருந்த படத்தின் மூலையில் விரலை வைத்தார்.
"இப்ப எடுத்த படத்துக்கு
ஏன் பதினைஞ்சு வருஷத்துக்கு முந்தின திகதி?"

இரவு கரண்ட் போனது.
மிஷினின் மணிக்கூடு பின்னுக்கு விழுந்திருக்கிறது.
இன்றையது பழையதாகி, பழையது இன்றையதாகி,
ஏறி வந்த நீரை
வடிந்த நீரென்று எழுதிக்கொண்டிருந்தது.

"திகதி இல்லாத ஆழத்தை நாங்கள்
வரைபடத்தில ஏத்துறேல்லை பிள்ளை.
ஒரு சாண் மண் காணும், கப்பல் தட்ட."

காலையிலிருந்து பதினொரு பேர்.
ஒவ்வொரு கோவையாகத் திரும்பத் திறந்தேன்.
கிண்ணியா பஸ்ஸில் ஏறிவிட்ட றிபாயா உம்மாவை
போனில் கெஞ்சி இறக்கினேன்.
ஐயாவுக்கு ஊசி, வியாழக்கிழமை.

கண்ணில் விட்ட மருந்து இன்னும் இறங்கவில்லை.
வாசலில் வெயிலுக்குக் கையை மறைத்து நின்றார்.
சோற்றுப் பார்சல் தாளை மென்றுகொண்டு
ஏதோ ஒன்று குறுக்கே போனது.
"நாயா?"
மான், ஐயா.
"புள்ளியைக் காணேல்லை."
மருந்தாலேதான். பின்னேரம் தெரியும்.

"எழுதித் தா," என்றார்,
"திகதி போட்டு."