மூன்றாவது துவக்கு

ஏழு துவக்குகளையும் உரப்பையின்மேல் கிடத்தினார்கள்.
எண்ணெய்த்தாள் மணம் இன்னும் போகவில்லை.
எந்த நாட்டுத் தொழிற்சாலையோ,
எந்தக் கப்பலின் அடிவயிற்றில் கிடந்தவையோ.
ஒரே அச்சு, ஒரே கறுப்பு, ஒரே நீளம்.
"ஒண்டை எடு," என்றார் பொறுப்பாளர்.
"எண்ணூறு மீற்றருக்கு."

ஒட்டுசுட்டானுக்கு வடக்கே
முதிரைக் காட்டுக்குள் எங்கள் பட்டறை.
கடைசல் இயந்திரம் ஒன்று,
மண்ணெண்ணெய் குடித்து இருமும் ஜெனரேற்றர் ஒன்று.
எனக்குப் பத்தொன்பது.
உயர்தரத்தில் பௌதிகம் மட்டும் ஏ.

கட்டையை நான் பார்க்கவில்லை.
முதிரையில் வேறு செதுக்கலாம்.
விசை முரண்டு பிடித்தால்
சாணைக்கல்லோடு ஒரு இரவு இருந்து வழிக்குக் கொண்டுவரலாம்.
தொலைநோக்கி எங்கிருந்தோ எப்படியும் வரும்.
குழலும், போல்ட் போய்ப் பூட்டுகிற அறையும்
பிறந்தபடிதான்.
அந்த நேர் எங்கள் கையில் இல்லை,
யாரோ முகமறியாத ஒருவன்
திங்கட்கிழமையோ வெள்ளிக்கிழமையோ
என்ன மனநிலையில் கடைந்தானோ, அதுதான்.

முதலாவது, போல்ட்டை இழுத்ததும்
பழைய படலைபோல ஆடியது.
இரண்டாவதின் குழலை வானத்துக்குத் தூக்கினேன்:
ஒளி வளையம் ஒருபக்கம் ஒதுங்கி, மூன்றாம்பிறையாய்.
மூன்றாவதில்
குளத்தில் கல் விழுந்ததுபோல
வட்டத்துள் வட்டம், வட்டத்துள் வட்டம்,
நடுவில் சின்னதாய் மாலை வானம்.
போல்ட் காற்றை மெல்ல விழுங்கி மூடியது.
இதுதான்.
என்றாலும் மற்ற நாலையும் எடுத்துப் பார்த்தேன்,
மனம் நோகக் கூடாது என்பதுபோல.

பதினெட்டு நாள் வேலை.
குழலுக்கும் கட்டைக்கும் நடுவில்
ஒரு பத்து ரூபாத்தாள்
எங்கும் இடறாமல் ஓடவேண்டும்.
இடறிய இடத்தைச் சுரண்டினேன்,
திரும்ப ஓட்டினேன்,
தாள் நைந்து இரண்டானது.
வேறு தாள் வாங்கிக் கொண்டேன்.

எழிற்கயல் வந்தாள்.
வறுத்த புளியங்கொட்டையைக் கன்னத்தில் ஒதுக்கியபடி
வற்றிய குளத்தில் படுத்தாள்.
எதிர்க்கட்டில் விசுக்கோத்துப் பெட்டி மட்டை.
ஐந்து வெடி.
ஒவ்வொன்றுக்கும் நடுவே
அவள் மூச்சை எண்ணிக்கொண்டு நான் குந்தியிருந்தேன்.

பிறகு நடந்தேன். எண்ணூறு மீற்றர்
நடக்கும்போது எவ்வளவு தூரம் தெரியுமா?
வெடித்த சேறு, நத்தை ஓடுகள், ஒரு மாட்டின் குளம்படி.
மட்டையில் ஐந்து துளை.
உள்ளங்கையை வைத்தேன்; ஐந்தும் மறைந்தன.
சந்தோசப்பட்டேன்.
இந்த வரியை விட்டுவிட்டு எழுதத்தான் நினைத்தேன்.

ஒருமுறை திரும்பி வந்தாள்.
"இடப்பக்கத்து ஸ்குறூ இளகுது, அக்கா."
இறுக்கிக் கொடுத்தேன்.
வேறொன்றும் அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
அவளுடைய வீட்டுப்பெயர் பத்மாசினி என்பது
முகாமில், கம்பிக்கு இந்தப்பக்கம்,
அவளுடைய தாய் என்னிடம் விசாரித்தபோதுதான் தெரியும்.

இப்போது கிளிநொச்சியில்,
கண்டி வீதியில் ஒரு கண்ணாடிக் கடை.
சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு
நாள் முழுக்க ஒரே கேள்வி:
இதுவா? இதுவா?
"ரெண்டும் ஒண்டுதான், பிள்ளை," என்பார்கள்.
ஒன்றில்லை. ஒருநாளும் ஒன்றில்லை.

நேற்று ஒருவர், மாங்குளப் பக்கம், லொறி ஓட்டுகிறவர்.
எவ்வளவு தூரம் தெளிவாய்த் தெரியவேணும் என்று கேட்டேன்.
யோசித்தார்.
"கனதூரம் வேண்டாம்.
எதிர வாறவன்ர முகம் தெரிஞ்சாக் காணும்."

பெட்டியிலிருந்து அடுத்த வில்லையை எடுத்தேன்.
வெளிச்சத்துக்குத் தூக்கி
வளையம் நடுவிலா என்று பார்த்தேன்.
துடைத்தேன்.
அவர் காத்திருந்தார்.
திரும்பவும் துடைத்தேன்.