ஒரு வினைமுற்று

நவம்பர். செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணி.
ஸ்கெல்லம் கவுண்டி மன்றத்தின் தகரக் கூரையில்
மழை தன் வாக்குமூலத்தைச் சொல்லிக்கொண்டே போகிறது.
மூன்று நிமிட வரம்பு
மனிதர்களுக்கு மட்டும்தான்.

வரைவை வாசிக்கிறேன்:
ஈரநிலத்தின் விளிம்பிலிருந்து நூற்றுப் பத்து அடிக்கு
மண்ணை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.
புதுத் தளங்களில் விழும் மழைநீரை
அந்தந்த மனையிலேயே நிறுத்தி, வடிகட்டி,
மெதுவாக விட வேண்டும்.

உறுப்பினர் ப்ரூயிட் கண்ணாடியைக் கழற்றினார்.
"விட வேண்டும் என்பதை
விடலாம் என்று மாற்றினால் என்ன?"

ஆறு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன்.
ஓடை கரை உடைவதை
கரையில் பார்த்ததைவிட
வினைமுற்றில் பார்த்ததுதான் அதிகம்.
லாம்.
இரண்டே எழுத்து.
அதற்குள் ஒரு புல்டோசர்
தாராளமாகத் திரும்பும்.

வெர்லின் ஹாக்ஸ்டாட் எழுந்தார்.
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
எழுபது பசு இருந்த பண்ணை, இப்போது ஒன்றுகூட இல்லை.

"ஐம்பத்திரண்டில் என் அப்பா
அந்தச் சதுப்பில் சுட்டமண் குழாய் பதித்து
நீரை வடித்தார்.
யார் பணம்? இந்த மன்றத்தின் பணம்.
முன்மாதிரி விவசாயி என்று சான்றிதழும் கொடுத்தீர்கள்,
எங்கள் கழிப்பறைக்கு எதிரே இன்னும் தொங்குகிறது.
இன்றைக்கு அதே மண்ணில்
என் மகளுக்கு ஒரு வீடு கட்ட
தவளையிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்கிறீர்கள்.
மேட்டில் அந்தக் கிடங்குக்காரன்
ஒன்பது ஏக்கருக்குத் தார் ஊற்றினானே,
அவன் மழை என் வேலியைத் தாண்டி வருகிறதே,
அதற்கு எந்தப் பிரிவு?"

கை தட்டினார்கள்.
நானும் தட்டியிருப்பேன்,
கையில் காகிதம் இல்லாவிட்டால்.

அவர் அப்பாவுக்குக் கொடுத்த காசோலையின் நகல்
என் இழுப்பறையில்தான் இருக்கிறது.
கிடங்கின் கோப்பும் இருக்கிறது.
அதற்கு அனுமதி கொடுத்த வருடம்
பழைய விதியில் இருந்த சொல்:
வடிகட்டலாம்.

போன அக்டோபரின் முதல் மழையில்
டயர் தேய்ந்த தூளெல்லாம் ஓடையில் இறங்கியது.
கடலிலிருந்து முட்டையிட ஏறி வந்த கோஹோ மீன்கள்
வாய் பிளந்து, வட்டமடித்து,
வயிற்றில் முட்டை முட்டையாக அப்படியே
செத்து ஒதுங்கின.
பதினேழு. எண்ணினேன்.
பதினெட்டாவது அசைந்துகொண்டிருந்தது;
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
படிவத்தில் இல்லை.

வியாழக்கிழமை வெர்லினின் நிலத்துக்குப் போனேன்.
துளைக்கோலைத் திருகித் திருகி இறக்கினால்
பன்னிரண்டு அங்குலத்தில் சாம்பல் நிற மண்,
அதில் துருப்புள்ளிகள்,
அழுகிய முட்டை நாற்றம்.
துளைக்குள் தண்ணீர்
அவசரமே இல்லாமல் மேலே வந்தது,
எழுபது வருடக் குழாய் எதுவும்
தன்னிடம் பேசவே இல்லை என்பதுபோல.

விளிம்பு நெடுக ரோஜா நிறக் கொடிகளை ஊன்றினேன்.
வேலியோரம் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார்.
பிறகு நடந்து வந்து
ஒரு கொடியைப் பிடுங்கினார்.
எறியப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.
தன் மனைப் பக்கமாகப் பதினான்கு எட்டு வைத்தார்.
ஊன்றினார்.

"எழுபத்தெட்டில் டிராக்டர் இறங்கியது இங்கே.
அச்சுவரைக்கும்.
அளப்பதானால்
சரியாக அள."

மூன்றுக்கு இரண்டு வாக்கில்
வேண்டும் நின்றது.
மறுநாள் காலை எட்டு மணிக்கே
விலக்குக் கேட்டு மனு வந்துவிட்டது,
வெர்லின் ஹாக்ஸ்டாட், கட்டணம் ரொக்கம்.

என் கொடியிலிருந்து அல்ல,
தான் நகர்த்திய கொடியிலிருந்தே
நூற்றுப் பத்து அடியை இழுத்திருக்கிறார்.
கோடு நேராகப் போய்
மகளின் படுக்கையறையைப் பாதியாக வெட்டுகிறது.
கொடி இருக்கும் இடத்தில்
பென்சிலால், சின்னதாக,
ஒரு டிராக்டர்.
சக்கரம் தெரியவில்லை.