விழுகிறவளுக்குப் பதினோரு நொடி

மூல வெப்டூனில் அவள் விழுவது
ஒரே ஒரு படம்.
இன்ச்சோனில் ஏதோ அடுக்குமாடியின்
படிக்கட்டுக் குழி.
பதினான்காம் மாடியில் தொடங்கினால்
பெருவிரலால் ஒன்பது முறை தள்ள வேண்டும், தரை வர.
மேலே தள்ளத் தள்ள
அவள் கீழே போவாள்.
எண்ணியிருக்கிறேன், ரயிலில், நின்றுகொண்டே.
ஐந்தாவது தள்ளலுக்குப் பிறகு
கைப்பிடிக் கம்பிகூட இல்லை.
வெறும் வெள்ளை.

ஓகிகுபோவில் எங்கள் அனிமே கூடத்தில்
செவ்வகங்கள் எல்லாம் படுத்தே இருக்கின்றன.
நின்று வளர்ந்த கதையை
அதில் கிடத்த வேண்டும்,
கை கால் மடங்காமல்.
இயக்குநர் முகாசா
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
"பதினோரு நொடி தருகிறேன்" என்றார்,
வட்டிக்குக் கொடுப்பவர் மாதிரி.

நான் வரைகிறவள் இல்லை.
அட்டவணை பார்க்கிறவள்.
கொரிய மொழி தெரியத் தேவையில்லாத வேலை.
இடப்பக்கம் அங்கிருந்து வந்தது,
வலப்பக்கம் இங்கே ஆகவேண்டியது:
தோ யுல்ஹீ, குரிஹாரா ரிட்சு ஆனாள்.
இன்ச்சோன், கவாசாகி.
சோஜுவின் பச்சைப் போத்தலுக்கு
லேபிள் இல்லாத பழுப்புப் போத்தல்.
முப்பத்தோராம் பகுதியில், அடிபட்ட பிறகு,
அவள் முதல்முறையாக அவனிடம்
'நீங்கள்' என்பதை விட்டு 'நீ' என்கிறாள்.
அது ஒன்றுதான்
சுங்கச் சோதனை இல்லாமல் கடல் தாண்டியது.

எனக்கும் ஓர் அட்டவணை உண்டு.
கடவுச்சீட்டில் ஹியோன் சுன்மி.
கழுத்தில் தொங்கும் அட்டையில் குரோதா ஹருமி.
பிறந்தது ஒசாகாவில்.
இங்கே யாரும் கேட்டதில்லை.
கேட்காததற்கு நன்றியோடுதான் இருந்தேன்,
செவ்வாய்க்கிழமை வரை.

செவ்வாய்க்கிழமை கதாசிரியை திரையில் வந்தார்,
பூச்சோனிலிருந்து, பியோ காராம்,
மணிக்கட்டில் கட்டு,
பின்னால் காயும் காலுறைகள்.
"அந்த வெள்ளை என்ன? மரணமா, மறதியா?"
முகாசா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.
அவர் சொன்னார்:
"அந்த வாரம் எனக்குக் காய்ச்சல்.
எழுபது படம் கொடுக்கணும், கையில நாற்பத்தாறு.
மிச்சத்துக்கு இடம் விட்டேன்.
வாசகர்கள் அழுதாங்களாம்.
நான் தூங்கிட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் வாய் திறக்குமுன்
நான் சிரித்துவிட்டேன்.
முகாசா திரும்பிப் பார்த்தார்.
காதிலிருந்த பென்சிலை எடுத்தார்,
மறுபடி செருகினார்.

வெள்ளையை அப்படியே விட முடியாதாம்.
பதினோரு நொடி ஒன்றும் நடக்காவிட்டால்
தொலைக்காட்சி நிலையம் அதை
விபத்து என்று பதிவு செய்யும்.
ஆகவே ஒலிப்பதிவுக்காரர்
எங்கள் கூடத்துக் குளிர்பெட்டியின் முனகலை
எடுத்துக் கொட்டினார், வெள்ளையின் மேல்.

நான்காம் பகுதி, தெருமுனை, மழை.
பெயர்ப்பலகைகள் அத்தனையையும் மாற்றி வரைந்தவர்கள்
தேங்கிய தண்ணீரை மறந்துவிட்டார்கள்.
அதில் தலைகீழாய் நடுங்கியது
பழைய ஊரின் சலவைக்கடை,
ஹங்குல் எழுத்தில்.
சிவப்பில் வட்டமிட வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.
பேனாவின் மூடியைப் போட்டேன்.
அந்தச் சின்னச் சத்தம்
முகாசாவுக்குக் கேட்டிருக்கும்.
"ஹியோன்," என்றார், சரியான உச்சரிப்பில் அல்ல,
"அடுத்ததுக்குப் போகலாமா?"

விழும் பகுதி வெளியானது
இரவு ஒன்று இருபத்தைந்துக்கு.
படுத்தபடி, போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன்.
அவ்வளவு அகலமும் ஒரு நாடாவாய்ச் சுருங்கி
மேலும் கீழும் கருப்பு.
நடுவில் அவள்.
குளிர்பெட்டி முனகியது,
படத்திலா, என் சமையலறையிலா.
பெருவிரல் தானாக எழுந்து
மேலே தள்ளியது, பழக்கத்தில்.

தொட்டதும் படம் நின்றுவிட்டது.
தரைக்கு இன்னும் நான்கு நொடி.
அப்படியே மார்பில் கவிழ்த்து வைத்தேன்.
பிறகு
நானும் தூங்கிட்டேன்.