மாத்திரைக் கணக்கு

யீஷூனில், ஆராதனை முடிந்த கூடத்தில்
குளிர்சாதனம் பதினெட்டில் ஓடுகிறது.
திரையை இறக்கிவிட்டார்கள்.
மிஸ்ஸஸ் குளோரி சபாரத்தினம்
பீஹூன் தட்டுகளைத் தாளால் மூடிவைத்துவிட்டு
முதல் வரிசையில் உட்காருகிறார்:
"சாட்சி சுருக்கமா இருக்கட்டும்மா, எல்லாரும் பசியோட இருக்காங்க."

முதல் படம் மலை.
பிறகு துகெலா ஆறு,
தகரக் கூரை, சிலுவை, தண்ணீர்த் தொட்டி,
கழுதை வண்டியில் வந்த பிரசவம்.
"அச்சோ" என்கிறது கூடம், சரியான இடங்களில்.

பதினேழாவது படத்தில் நொம்கோசி சிரிக்கிறாள்.
மாத்திரைப் புட்டியைக்
கோப்பை வென்றவள்போல் தூக்கிப் பிடித்திருக்கிறாள்.
எடுத்தது நான்தான்.

அங்கே என் வேலை எண்ணுவது.
நீலத் தட்டு, தட்டைக் கத்தி,
ஐந்தைந்தாய்த் தள்ளுவேன்.
அறுபது கொடுத்தால்
இருபத்தெட்டாம் நாள் நான்கு மிஞ்ச வேண்டும்.
நாலு மணி நேரம் மலையேறி வருகிறவளிடம்
முதலில் கேட்பது புட்டியைத்தான்,
அப்புறம்தான் எங்கே வலிக்கிறது என்பது.
அந்தக் கேள்விக்குள் அவர்கள் மொழியில்
நாக்கின் ஓரமாய்க் காற்று வழுக்கும் ஓர் ஒலி உண்டு.
ழகரம் பழகிய நாக்கு, வந்துவிடும் என்று நினைத்தேன்.
வரவில்லை. நொம்கோசி வாய்பொத்திச் சிரிப்பாள்.

அவளிடம் மாதாமாதம் நான்கு மிஞ்சியது.
மூன்றில்லை, ஐந்தில்லை.
ஒன்பது மாதம்.
அட்டையில் பச்சை மையால் "சரி" என்று எழுதி
வரிசையில் நின்றவர்களுக்குக் காட்டினேன்,
இவளைப் பாருங்கள் என்று.

அவள் தங்கை ஃபிகிலேயை
இரண்டு முறை திருப்பி அனுப்பியிருந்தோம்.
எதிர்ப்பு அணுக்கள் இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து;
அவளுக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
இன்னும் நோய் போதவில்லை, போய் வா
என்பதை
எவ்வளவு கனிவாகச் சொன்னேன் தெரியுமா,
ஜெபித்து வேறு அனுப்பினேன்.

ஜூலையில், அங்கே அது குளிர்காலம்,
ஃபிகிலே தனியாக வந்தாள்.
புட்டியைத் தட்டில் கவிழ்த்தாள்.
விழுந்தவை எல்லாம் பாதிகள்.
ரொட்டிக் கத்தியால் வெட்டியவை,
ஓரம் பொடிந்தவை.
"அக்கா சாகும்போது மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னாள்.
கணக்குக் கேட்பீர்களாம்."
ஐந்தைந்தாய்த் தள்ளிப் பழகிய கை
பாதிகளை எப்படித் தள்ளுவதென்று தெரியாமல்
தட்டின்மேல் நின்றது.

"எத்தனை பேர், சிஸ்டர்?"
பின்வரிசையிலிருந்து டீக்கன் ஞானையா.
"மூணு வருஷத்துல எத்தனை பேரைக் காப்பாத்துனீங்க?
அறிக்கையில போடணும்."
முந்நூற்று நாற்பத்தொன்று, என்கிறேன்.
கைதட்டுகிறார்கள்.
அந்த ஒன்று ஃபிகிலே.
அன்றைக்குத்தான் அவள் பெயரைப் பதிவேட்டில் எழுதினோம்.

காலையில் திருவிருந்தில்
ரொட்டி சதுரங்களாக வந்தது,
எல்லாம் ஒரே அளவு,
குட்டிப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் ரிபீனா.
போதகர் மட்டும் ஒரு முழு அப்பத்தை உயர்த்திப் பிட்டார்.
வெள்ளைத் துணியில் பொடி உதிர்ந்தது.
தெரிந்திருந்தால் நொம்கோசியைக் கண்டித்திருப்பேன்,
கட்டாயம் கண்டித்திருப்பேன்:
பாதி மருந்து மருந்தே இல்லை,
கிருமிக்குக் கொடுக்கும் பயிற்சி.
இன்றும் அதுதான் சரி.
முழங்காலில் நின்றபடி
அதையே இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

"அடுத்த படம்" என்கிறேன்.

இரவு. ஒன்பதாம் மாடி.
கீழே கோப்பிக் கடையில் நாற்காலிகளை அடுக்கும் சத்தம்.
பாலிகிளினிக்கில் எனக்கு எழுதியிருப்பது
ரத்த அழுத்தத்துக்கு அரை மாத்திரை.
வெட்டுவதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், ஐந்து வெள்ளி,
மூடினால் நறுக்கென்று இரண்டாகும்,
பொடியே உதிராது.
உயர்நிலை இரண்டில் மனப்பாடம் செய்தது
கேட்காமலே நாக்குக்கு வருகிறது:
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.

விழுங்கிவிட்டேன்.
மற்றப் பாதி பெட்டிக்குள் கிடக்கிறது.
அது நாளைக்கு.
எனக்கே.